இணைநிலைத் துறையின் எழுச்சியும் மறைவும்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழில் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கணினியின் பின்புறத்தில் அச்சுப்பொறியை இணைப்பதற்காக அமைந்த இணைநிலைத் துறை, பேச்சு வழக்கில் 'பேரலல் போர்ட்' அல்லது 'பிரிண்டர் போர்ட்' எனப்பட்டது. 1980கள் முதல் 2000களின் நடுப்பகுதி வரை, நிரலால் புறக்கருவிகளை இயக்கிப் பார்க்க விரும்பிய மாணவர்களுக்கு மிக எளிதில் கிட்டிய வாயிலாகவும் அது விளங்கியது. அத்துறையின் தோற்றம், செயல்முறை, தொழிற்கூடத்தில் அதற்கு இருந்த எல்லைகள், அதன் மறைவுக்கான காரணங்கள் ஆகியவற்றைத் திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழில் வட்டாரத்தின் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. கருவி வழக்கொழிந்தது தவிர்க்க இயலாதது. அதன்வழி உருவான கற்றல்முறை வழக்கொழிய வேண்டியதில்லை என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: இணைநிலைத் துறை, இடைமுகம், பதிவகம், கும்மிடிப்பூண்டி, தொழிற்பேட்டை, தொழில்நுட்ப வரலாறு, கலைச்சொல்.

முன்னுரை

தமிழகத் தொழில் வட்டாரங்களின் வரலாறு பெரும்பாலும் நிலம், மூலதனம், தொழிலாளர், சுற்றுச்சூழல் என்னும் நான்கு கோணங்களில் எழுதப்பட்டு வருகிறது. ஒரு வட்டாரத்தில் தொழில்நுட்ப அறிவு எவ்வாறு பரவியது, எந்தக் கருவியின் வழியாக ஓர் இளைஞர் பாடநூலிலிருந்து இயந்திரத்திற்கு நகர்ந்தார் என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளில் குறைவாகவே எழுப்பப்படுகின்றன. பெரிய இயந்திரங்களுக்குக் கொள்முதல் ஆவணங்கள் உண்டு. தொழிற்சாலைகளுக்கு உரிம ஆவணங்கள் உண்டு. இருபத்தைந்து முனைகளைக் கொண்ட ஒரு சிறு இணைப்பிக்கு அவ்வாறான ஆவணம் ஏதும் இராது. ஆயினும் கணினி என்பது திரையில் எழுத்தைக் காட்டும் பெட்டி மட்டுமன்று, விளக்கை ஏற்றவும் மோட்டாரைச் சுழற்றவும் வல்லது என்பதை ஒரு தலைமுறை மாணவர்கள் அந்த இணைப்பியில்தான் கண்டனர்.

திருவள்ளூர் மாவட்டம் 1997 ஜனவரி 1 அன்று பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மாவட்டத்தின் பெயர் புதியதாயினும் அதன் தொழில் மரபு பழையது. அம்பத்தூர், ஆவடி, காக்களூர், கும்மிடிப்பூண்டி ஆகிய இடங்களில் தொழிற்கூடங்களும், அவற்றுக்கு இடைப்பட்ட ஊர்களில் பொறியியல் கல்லூரிகளும் தொழில்நுட்பப் பயிலகங்களும் அமைந்தன. கல்விக்கூடத்தின் மேசையும் தொழிற்கூடத்தின் தளமும் இவ்வளவு அருகில் அமைந்த வட்டாரத்தில் அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கருவியின் வரலாற்றை ஆராய்வது பொருத்தமுடையது.

அச்சுப்பொறிக்காகப் பிறந்த வாயில்

அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970இல் வெளியிட்ட 101 என்னும் புள்ளி அச்சுப்பொறியோடு இணைநிலை இடைமுகத்தின் வரலாறு தொடங்குகிறது. ஓர் எழுத்துக்குரிய பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் அனுப்புவது தொடர்நிலை முறை. அவற்றைத் தனித்தனிக் கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்புவது இணைநிலை முறை. சென்ட்ரானிக்ஸ் இரண்டாவது முறையைத் தேர்ந்தது. அச்சுப்பொறியின் பக்கத்தில் 36 முனைகளைக் கொண்ட இணைப்பி அமைந்தது. பிற அச்சுப்பொறி உற்பத்தியாளர்களும் அதையே பின்பற்றியதால், எந்த அமைப்பும் விதிக்காமலேயே அது நடைமுறைத் தரமாயிற்று.

1981இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது கணினியின் பக்கத்தில் 25 முனைகளைக் கொண்ட இணைப்பியைப் பயன்படுத்தியது. அதன்பின் வந்த இணக்கக் கணினிகள் அனைத்தும் அதே அமைப்பை மேற்கொண்டன. இம்முடிவு அச்சுப்பொறியைக் கருதி எடுக்கப்பட்டதேயன்றி, மாணவர்களையோ ஆய்வகங்களையோ கருதி எடுக்கப்பட்டதன்று. உலகின் எந்த மூலையில் வாங்கிய கணினியிலும் ஒரே வகைத் துறை ஒரே வகையில் இயங்கும் என்னும் நிலை அதன் எதிர்பாராத விளைவாக அமைந்தது.

தமிழ் எழுத்து அச்சேறியதிலும் இத்துறைக்கு ஒரு பங்குண்டு. அக்கால அச்சுப்பொறிகளின் நினைவகத்தில் உரோமன் எழுத்துருக்களே பொறிக்கப்பட்டிருந்தன. தமிழை அச்சிட வேண்டுமாயின் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளிகளாகப் பிரித்து வரைபட முறையில் அனுப்ப வேண்டியிருந்தது. எட்டு ஊசிகளைக் கொண்ட வரைபட முறையில் ஒரு பைட் என்பது ஒரு செங்குத்து வரிசைப் புள்ளிகள். அதன் எட்டுப் பிட்டுகளும் துறையின் எட்டுத் தரவுக் கம்பிகளில் ஒருசேரச் சென்றன. மேலே விசிறியும் கீழே சுழியும் பெறும் தமிழ் எழுத்துகள் எட்டுப் புள்ளி உயரத்திற்குள் தெளிவாக அடங்குவது அரிது. எனவே ஒரே வரியை ஒன்றுக்கு மேற்பட்ட கடப்புகளில் அச்சிட வேண்டியிருந்தது. தமிழ்க் கணிமையின் வரலாறு எழுத்துருவையும் குறியாக்கத்தையும் விரிவாகப் பேசுகிறது. அவ்வெழுத்து மின்னழுத்தமாக மாறிக் கணினியை விட்டு வெளியேறிய இடம் இணைநிலைத் துறை என்பதும் நினைவுகொள்ளத் தக்கது.

மூன்று பதிவகங்கள்

இத்துறை மாணவர்களை ஈர்த்ததன் காரணம் அதன் அமைப்பின் எளிமையாகும். நிரலரின் பார்வையில் அது மூன்று பதிவகங்களால் ஆனது. பெரும்பாலான கணினிகளில் தரவுப் பதிவகத்தின் முகவரி பதினறும எண்முறையில் 378. பதின்ம முறையில் 888. அதற்கு அடுத்த 889 நிலைப் பதிவகம். 890 கட்டுப்பாட்டுப் பதிவகம். தரவுப் பதிவகத்தின் எட்டுப் பிட்டுகள் 2 முதல் 9 வரையிலான முனைகளில் வெளிப்பட்டன. நிலைப் பதிவகம் ஐந்து உள்ளீட்டு முனைகளையும், கட்டுப்பாட்டுப் பதிவகம் நான்கு முனைகளையும் ஆண்டன. 18 முதல் 25 வரையிலான எட்டு முனைகளும் தரை இணைப்புகள்.

பேசிக் மொழியில் 888 என்னும் முகவரிக்கு 1 என்னும் எண்ணை அனுப்ப ஒரே வரி போதுமானது. டர்போ சி நிரலிலும் அதற்கு ஒரே செயற்கூற்று அழைப்பே வேண்டும். அவ்வரி இயங்கியதும் இரண்டாம் முனையில் ஏறத்தாழ 5 வோல்ட் மின்னழுத்தம் தோன்றும். அங்கே ஒரு மின்தடையுடன் ஒளியுமிழ் இருமுனையத்தை இணைத்திருந்தால் அது ஒளிரும். 255 அனுப்பினால் எட்டு விளக்குகளும் எரியும். 0 அனுப்பினால் எட்டும் அணையும். இரும எண்முறை கரும்பலகையிலிருந்து கண்முன் வந்து நின்ற தருணம் இது. எண்ணுக்கும் மின்னழுத்தத்திற்கும் இடையே வேறெந்த நிரலும், நெறிமுறையும், உரிமமும் குறுக்கிடவில்லை.

எளிமைக்குள் சில பொறிகளும் இருந்தன. நிலைப் பதிவகத்தின் ஒரு பிட்டும் கட்டுப்பாட்டுப் பதிவகத்தின் மூன்று பிட்டுகளும் தலைகீழாக இயங்கின. அங்கே 1 எழுதினால் முனையில் தாழ்நிலை தோன்றும். தொடக்கக் காலத் துறைகளின் தரவு முனைகள் வெளியீட்டுக்கு மட்டுமே உரியவை. எனவே எட்டுப் பிட்டுகளை உள்வாங்க விரும்பியவர், 74எல்.எஸ். 157 போன்ற தெரிவுச் சில்லைப் பயன்படுத்தி நான்கு நான்கு பிட்டுகளாக நிலைப் பதிவகத்தின் வழியே படித்துப் பின்னர் அவற்றை நிரலில் இணைத்தார். ஆவணத்தை ஊன்றிப் படிக்காதவருக்கு இத்துறை பிழையான விடையையே தந்தது. அவ்வகையில் அது ஒரு கண்டிப்பான ஆசிரியராகவும் விளங்கியது.

மின்னோட்டத்தின் எல்லை மற்றொரு பாடம். ஒரு தரவு முனை வழங்கக்கூடியது சில மில்லி ஆம்பியர் மட்டுமே. ஸ்டெப்பர் மோட்டாரின் சுருளுக்கோ நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் தேவை. ஆகவே இடையில் யு.எல்.என். 2003 போன்ற இயக்கிச் சில்லு வேண்டும். 1, 2, 4, 8 என்னும் எண்களை வரிசையாக அனுப்பினால் நான்கு சுருள்களும் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெற்று மோட்டார் படிப்படியாகத் திரும்பும். வரிசையை மாற்றினால் எதிர்த்திசையில் திரும்பும். படிக்கு 1.8 பாகை திரும்பும் மோட்டாருக்கு ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள். சுருளை அணைக்கும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தைத் தணிக்க இருமுனையம் வேண்டும் என்பதும், கணினியையும் மின்சுற்றையும் ஒளிவழிப் பிணைப்பியால் பிரித்துவைக்க வேண்டும் என்பதும் அங்கே கற்கப்பட்டன. தொடக்கத்தில் இத்துறை தனி அட்டையில் இருந்தது. பின்னர்த் தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டது. அதன்பின் ஒரு தவறான இணைப்பு கணினியின் தாய்ப்பலகையையே பழுதாக்கக்கூடும் என்னும் அச்சம் பாதுகாப்புச் சுற்றின் தேவையை உணர்த்தியது.

தொழில் வட்டாரமும் கல்விக்கூடங்களும்

ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக் 1957இலும் கனரக ஊர்திகள் தொழிற்சாலை 1961இலும் தொடங்கப்பட்டன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் உருவாயிற்று. 1971இல் நிறுவப்பட்ட சிப்காட் நிறுவனம் பின்னர்க் கும்மிடிப்பூண்டியில் தொழில் வளாகத்தை அமைத்தது. சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையும் வடக்கு நோக்கிய இருப்புப்பாதையும் கும்மிடிப்பூண்டியைச் சென்னையுடன் இணைத்தன. கழிவிரும்பை உருக்கும் தூண்டல் உலைகளும் உருட்டாலைகளும் அவ்வளாகத்தின் அடையாளங்களாயின. அம்பத்தூரின் சிறு பட்டறைகள் வாகன உதிரிப்பாகங்களையும், கும்மிடிப்பூண்டியின் ஆலைகள் எஃகையும் வேதிப்பொருள்களையும் சார்ந்து வளர்ந்தன.

1990களில் தனியார் பொறியியல் கல்லூரிகளின் பெருக்கம் இவ்வட்டாரத்தையும் தொட்டது. கும்மிடிப்பூண்டிக்கு அருகிலுள்ள கவரைப்பேட்டையில் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி 1995இலும், ஆவடியில் வேல் டெக் 1997இலும் தொடங்கப்பட்டன. முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த இவ்வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் 2001ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தை ஒட்டி அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தன.

அக்காலப் பாடத்திட்டத்தில் இடைமுகக் கல்வியின் மையம் நுண்செயலிப் பயிற்சிப் பலகையாகும். இன்டெல் 8085 செயலியையும் 8255 என்னும் புற இடைமுகச் சில்லையும் கொண்ட அப்பலகையில் போக்குவரத்து விளக்கு, ஸ்டெப்பர் மோட்டார் ஆகிய சோதனைகள் நிகழ்ந்தன. 8255இல் மூன்று எட்டுப் பிட் துறைகளும் ஒரு கட்டுப்பாட்டுச் சொல்லும் உண்டு. இணைநிலைத் துறையின் மூன்று பதிவகங்களுக்கும் இவ்வமைப்புக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. ஆனால் பயிற்சிப் பலகை ஆய்வகத்தில் பூட்டியிருக்கும்; பாடவேளையில் மட்டும் கையில் கிடைக்கும். இணைநிலைத் துறையோ கணினி உள்ள எல்லா இடங்களிலும் இருந்தது. 1984ஆம் ஆண்டின் புதிய கணினிக் கொள்கையும் 1991க்குப் பிந்தைய தாராளமயமும் கணினியின் விலையைக் குறைத்தபோது, அத்துறையும் தனிவிலையின்றி அதனோடு வந்தது.

இணைநிலைத் துறையைக் கொண்டு செய்யும் சுற்றுகளை 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' போன்ற இதழ்கள் வெளியிட்டன. தேவையான சில்லுகளும் இணைப்பிகளும் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தன. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் புறநகர் ரயில் சென்று நிற்கும் சென்ட்ரலுக்கு அத்தெரு மிக அருகில் உள்ளது. நூலகத்து இதழ், புறநகர் ரயில், ரிச்சி தெரு, கல்லூரிக் கணினி ஆகிய நான்கும் சேர்ந்து ஓர் இறுதியாண்டுச் செயல்திட்டத்தைச் சாத்தியமாக்கின. தொழில்நுட்பப் பரவலை ஆராய்வோர் இத்தகைய சாதாரணக் கண்ணிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தொழிற்கூடத்தில் இத்துறையின் எல்லை

கல்லூரி மேசையில் வெற்றிபெற்ற சுற்றை ஆலையின் தளத்திற்கு அப்படியே கொண்டுசெல்ல இயலாது. இதற்குத் தெளிவான பொறியியல் காரணங்கள் உள்ளன. இணைநிலைத் துறையின் குறிப்பலை 5 வோல்ட் அளவினது. அதன் கம்பி சில மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. தூண்டல் உலையின் மின்சுற்று உண்டாக்கும் இரைச்சலிலும் பெரிய மோட்டார்களின் தொடக்க அதிர்விலும் அத்தகைய குறிப்பலை எளிதில் பிறழும். தரை இணைப்புகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு எழுந்தால் கணினியே பழுதாகலாம். தொழிற்கூடங்கள் 24 வோல்ட் உள்ளீடுகளையும், 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டச் சுற்றுகளையும், 1200 மீட்டர் வரை செல்லக்கூடிய ஆர்.எஸ். 485 தொடர்நிலைக் கம்பிகளையும் மேற்கொண்டதற்கு இதுவே காரணம். 1960களின் இறுதியில் அமெரிக்க வாகனத் தொழிலுக்காக உருவான நிரல்படு தருக்கக் கட்டுப்படுத்தி, அதாவது பி.எல்.சி., அச்சூழலுக்கென்றே வடிவமைக்கப்பட்டது.

எனினும் ஆலை வளாகத்திற்குள் இணைநிலைத் துறைக்கு ஓர் உறுதியான இடம் இருந்தது. அது நுழைவாயிலை ஒட்டிய எடைமேடை அறையாகும். கழிவிரும்பைச் சுமந்து வரும் சரக்குந்து எடைமேடையில் ஏறியதும் அதன் அடியிலுள்ள சுமை உணரிகள் சில மில்லிவோல்ட் அளவில் குறிப்பலை தருகின்றன. எடைகாட்டி அதனை எண்ணாக்கி, தொடர்நிலைத் துறையின் வழியே கணினிக்கு அனுப்பும். சீட்டை அச்சிடும் புள்ளி அச்சுப்பொறி சென்ட்ரானிக்ஸ் வகை இணைநிலைத் துறையில் இணையும். ஊசி தட்டி அச்சிடுவதால் கரித்தாளின் வழியே ஒரே நேரத்தில் பல படிகள் கிடைக்கும். ஓட்டுநருக்கும் வாயிற்காவலுக்கும் கணக்கருக்கும் தனித்தனிப் படிகள் தேவைப்படும் இடத்தில் லேசர் அச்சுப்பொறியால் அப்பணியைச் செய்ய இயலாது. புதிய கணினிகளிலிருந்து இணைநிலைத் துறை மறைந்த பின்னரும் புள்ளி அச்சுப்பொறிகள் நீடித்ததன் காரணம் இதுவே.

ஆகவே இத்துறைக்கு இரு இருப்பிடங்கள் இருந்தன: ஒன்று மாணவரின் மேசை, மற்றொன்று ஆலையின் அலுவலகம். இவ்விரண்டுக்கும் நடுவிலிருந்த உற்பத்தித் தளம் பி.எல்.சி.க்கு உரியது. ஆயினும் மேசையில் கற்றது தளத்தில் வீணாகவில்லை. பி.எல்.சி. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் உள்ளீடுகளைப் படித்து ஓர் அட்டவணையில் இடுகிறது. பின்னர் நிரலை இயக்குகிறது. இறுதியில் வெளியீட்டு அட்டவணையை முனைகளுக்கு அனுப்புகிறது. நிலைப் பதிவகத்தைப் படி, முடிவெடு, தரவுப் பதிவகத்தில் எழுது என்று இணைநிலைத் துறைக்கு மாணவர் எழுதிய சுழல் நிரலும் இதே வடிவினது. ஒரு பிட் என்பது ஒரு சுவிட்ச் அல்லது ஒரு வால்வு என்னும் புரிதல் இரண்டுக்கும் பொது. இணைநிலைத் துறையில் பயின்றவருக்கு பி.எல்.சி. புதிய மொழியாயிருக்கலாம், அதன் இலக்கணம் ஏற்கெனவே அறிந்ததே.

உலகெங்கும் சிறு பட்டறைகளில் இத்துறை நேரடி உற்பத்திக் கருவியாகவும் பயன்பட்டது. ஓர் அச்சை நகர்த்தும் ஸ்டெப்பர் இயக்கிக்குப் படி, திசை என இரு குறிப்பலைகள் போதும்; எட்டுத் தரவு முனைகள் நான்கு அச்சுகளை ஆளலாம். ஐந்து உள்ளீட்டு முனைகள் எல்லைச் சுவிட்சுகளுக்கும் அவசர நிறுத்தத்திற்கும் பயன்பட்டன. அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் தோன்றி லினக்ஸ்சிஎன்சி என வளர்ந்த மென்பொருளும், விண்டோஸில் இயங்கிய மாக்3 மென்பொருளும் இம்முறையைப் பின்பற்றின. துடிப்புகளின் இடைவெளி பிசகினால் மோட்டார் படியைத் தவறவிடும் என்பதால் லினக்ஸ்சிஎன்சி நிகழ்நேர உட்கருவை வேண்டியது. எளிய துறையாயினும் துல்லியம் எளிதில் வாய்க்கவில்லை.

வாயில் மூடப்பட்ட வரலாறு

இணைநிலைத் துறையின் மறைவு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து அதனைச் சூழ்ந்தன.

முதலாவது, இயக்க முறைமையின் பாதுகாப்பு. டாஸிலும் விண்டோஸ் 95, 98 ஆகியவற்றிலும் பயனரின் நிரல் நேரடியாக 888 என்னும் முகவரிக்கு எழுத முடிந்தது. விண்டோஸ் என்.டி. மரபில் வந்த அமைப்புகள் அதனைத் தடுத்தன. 2001இல் வெளியான எக்ஸ்.பி. அம்மரபை வீடுகளுக்கும் கல்லூரிகளுக்கும் கொண்டுவந்தபோது, துறையை நேரடியாகத் தொடத் தனி இயக்கி நிரல் தேவைப்பட்டது. லினக்ஸில் நிர்வாகியின் இசைவு வேண்டும். பல நிரல்கள் ஒருசேர இயங்கும் கணினியில் இத்தடை நியாயமானதே. ஆனால் ஒரு வரியில் விளக்கை ஏற்றிய எளிமை அதனோடு மறைந்தது.

இரண்டாவது, துறையின் தர மேம்பாடும் அதன் போட்டியாளரும். 1994இல் வெளியான ஐ.இ.இ.இ. 1284 தரம் இருவழித் தரவுப் பரிமாற்றத்தையும் மிகு வேகத்தையும் வழங்கியது. ஆயினும் 1996இல் முதல் பதிப்பைக் கண்ட யு.எஸ்.பி. பல கருவிகளை ஒரே வகை இணைப்பியில் ஏற்றுக்கொண்டது. கருவி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். கணினி அதற்குரிய இயக்கி நிரலைத் தேட வேண்டும். தரவு பொதிகளாகச் செல்ல வேண்டும். பயனருக்கு இது எளிமை. இடைமுகத்தைக் கற்க விரும்பியவருக்கு இது பல அடுக்குத் திரை. சந்தையில் கிடைத்த யு.எஸ்.பி. – இணைநிலை மாற்றுக் கம்பிகள் அச்சுப்பொறிக்கு மட்டுமே உதவின. 888 என்னும் முகவரி அவற்றில் இல்லை.

மூன்றாவது, மடிக்கணினியின் பரவல். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தொடங்கிவைக்கப்பட்டது. இலட்சக்கணக்கான மாணவர்கள் முதன்முறையாகச் சொந்தக் கணினியைப் பெற்றனர். அரசு நடவடிக்கை என்னும் வகையில் அதன் பயன் பெரிது. அந்த மடிக்கணினிகளில் இணைநிலைத் துறை இல்லை. அக்காலத்தில் உலகின் பெரும்பாலான மடிக்கணினிகளிலும் இல்லை. முந்தைய தலைமுறையினருக்குத் துறை கிட்டியது, கணினி கிட்டவில்லை. பிந்தைய தலைமுறையினருக்குக் கணினி கிட்டியது, துறை மறைந்தது. இவ்வரலாற்று முரண் கல்வித் தொழில்நுட்பத்தை ஆராய்வோரின் கவனத்திற்குரியது.

மாற்று வழி: ஃபீனிக்ஸ் முயற்சி

துறை மறைந்தால் அதன் கல்வியும் மறைய வேண்டுமா என்னும் வினாவிற்கு இந்தியாவிலேயே ஒரு விடை உள்ளது. புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் 2004இல் ஃபீனிக்ஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பி.பி. அஜித் குமார் அதனை முன்னின்று உருவாக்கினார். பல்கலைக்கழக அறிவியல் கல்வியை மேம்படுத்துவதும், குறைந்த செலவில் கணினிவழி இயற்பியல் சோதனைகளை நிகழ்த்துவதும் அதன் நோக்கம். அதன் தொடக்கக் காலக் கருவி கணினியின் இணைநிலைத் துறையிலேயே இணைக்கப்பட்டது. லினக்ஸுக்கான இயக்கி நிரல் நேர அளவீட்டைக் கவனித்துக்கொள்ள, மாணவர் பைத்தான் மொழியில் சில வரிகளை எழுதி மின்னழுத்தத்தையும் காலத்தையும் அளக்க முடிந்தது.

அத்துறை அருகியபோது திட்டம் நின்றுவிடவில்லை. இடைமுகப் பெட்டிக்குள் நுண்கட்டுப்படுத்தி வைக்கப்பட்டது. இணைப்பு தொடர்நிலைத் துறைக்கும், பின்னர் எக்ஸ்பைஸ் என்னும் கருவியில் யு.எஸ்.பி.க்கும் மாறியது. சுற்றின் வரைபடமும் மென்பொருளும் பொதுவில் வைக்கப்பட்டன. இம்மாற்றத்தில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. இணைப்பி மாறியது, கருவியைத் திறந்து பார்க்கலாம், அதன் வேலையை வரிவரியாக அறியலாம் என்னும் கொள்கை மாறவில்லை. இத்தாலியில் 2005இல் தோன்றிய அர்டுயினோவும் 2012இல் வெளியான ராஸ்பெர்ரி பையும் உலக அளவில் இதே வெற்றிடத்தை நிரப்பின. இன்றைய இவ்வட்டார மாணவர் நுண்கட்டுப்படுத்திப் பலகையை இணையத்தில் வாங்கலாம். அது பழுதானாலும் கணினி தப்பும். அவ்வகையில் அது இணைநிலைத் துறையினும் பாதுகாப்பானது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை பொருந்தும். ஆயத்த நூலகங்களைக் கொண்டு ஒரு வரியில் விளக்கை ஏற்றும் மாணவர், அவ்வரியின் அடியில் எந்தப் பதிவகத்தின் எந்தப் பிட் மாறியது என்பதை அறியாமலேயே பட்டம் பெறலாம். இணைநிலைத் துறை அவ்வறியாமைக்கு இடம் தரவில்லை. புதிய பலகைகளிலும் பதிவகங்கள் உள்ளன. அவற்றை நேரடியாக எழுதவும் இயலும். அதனைப் பாடத்திட்டம் கேட்கிறதா என்பதே வினா.

பேசிய தமிழும் எழுதிய ஆங்கிலமும்

இவ்வரலாற்றில் தமிழாய்வுக்கு உரிய தனிச்சிக்கல் ஒன்று உண்டு. பொறியியல் பட்டப்படிப்பில் ஆய்வகப் பதிவேடும் செயல்திட்ட அறிக்கையும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. சோதனை மேசையைச் சுற்றி நிகழ்ந்த விளக்கமும் விவாதமும் பெரிதும் தமிழில் நிகழ்ந்தன. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது குடிமுறைப் பொறியியலும் இயந்திரவியலும் அதில் இடம்பெற்றன, மின்னணுவியல் இடம்பெறவில்லை. ஆகவே இடைமுகத் தொழில்நுட்பம் தமிழில் பேசப்பட்டும் தமிழில் எழுதப்படாமல் நின்றது.

கலைச்சொல்லிலும் இதன் விளைவைக் காணலாம். துறை என்னும் சொல் நீர்நிலையில் இறங்கும் இடத்தையும், படகு வந்து சேரும் இடத்தையும் குறிப்பது. பொருள் உள்ளே வரவும் வெளியே செல்லவும் உள்ள இடம் என்னும் கருத்தில் கணினித் துறைக்கு அச்சொல் மிகப் பொருந்தும். ஆனால் இன்றைய வழக்கில் 'துறை' என்றதும் அரசுத் துறையோ கல்லூரித் துறையோதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பட்டறையிலும் ஆய்வகத்திலும் 'போர்ட்' என்னும் சொல்லே நிலைத்தது. கலைச்சொல்லாக்கம் அகராதியில் முடிந்துவிடுவதில்லை. கையால் வேலை செய்யும் இடத்தில் அச்சொல் புழங்க வேண்டும். அதற்கு அவ்வேலை தமிழில் எழுதப்பட வேண்டும்.

செயல்திட்ட அறிக்கைகளும் ஆய்வகப் பதிவேடுகளும் நூலகங்களில் நிலையாக வைத்துக் காக்கப்படும் ஆவணங்களாகக் கருதப்படுவதில்லை. பாடத்திட்டம் மாறும்போது பழைய கையேடுகள் கழிக்கப்படுகின்றன. கழிவிரும்பை உருக்கும் உலைகள் நிறைந்த ஒரு வட்டாரத்தில் பழைய கணினியின் இரும்புப் பெட்டியும் கழிவிரும்பே. கருவியும் ஏடும் ஒருசேர மறைந்தால், அக்காலத்து அறிவு அதனைக் கற்றவர்களின் நினைவில் மட்டுமே எஞ்சும்.

முடிவுரை

இணைநிலைத் துறை அச்சுப்பொறிக்காகப் பிறந்து, வடிவமைத்தவர்கள் எண்ணிப் பாராத கல்விப் பணியைச் செய்தது. எளிமை, எங்கும் கிட்டும் தன்மை, தனிச்செலவின்மை ஆகிய மூன்றும் அதற்குக் காரணம். தொழிற்கூடத்தின் இரைச்சலையும் தொலைவையும் அதனால் தாங்க இயலவில்லை. ஆயினும் தொழிற்கூடக் கட்டுப்பாட்டின் அடிப்படைக் கருத்தைக் கல்லூரி மேசையிலேயே அது கற்பித்தது. இயக்க முறைமையின் பாதுகாப்பு, யு.எஸ்.பி., மடிக்கணினி ஆகியவை அதனை நியாயமான காரணங்களாலேயே விலக்கின. கருவி மாறியபோதும் கற்றல்முறையைக் காக்க முடியும் என்பதை ஃபீனிக்ஸ் முயற்சி காட்டியது.

இவற்றிலிருந்து இரு பணிகள் புலனாகின்றன. முதலாவது, திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரக் கல்லூரிகளும் பயிலகங்களும் தம்மிடம் எஞ்சியுள்ள இடைமுக ஆய்வகக் கையேடுகளையும் செயல்திட்ட அறிக்கைகளையும் தேர்ந்து எண்மமாக்கிக் காப்பது. ஓய்வுபெறும் நிலையிலுள்ள ஆய்வக உதவியாளர், ஆசிரியர், எடைமேடைப் பராமரிப்பாளர் ஆகியோரின் வாய்மொழிப் பதிவுகளை அவர்களுடைய சொற்களிலேயே திரட்டுவது. இரண்டாவது, நுண்கட்டுப்படுத்திப் பாடத்தில் ஆயத்த நூலகங்களுக்கு முன்னதாகப் பதிவகத்தை நேரடியாக எழுதும் சோதனை ஒன்றையேனும் வைத்து, அதன் கையேட்டைத் தமிழிலும் வெளியிடுவது. முதற்பணி காலம் தாழ்த்த இயலாதது. அவ்வறிவைக் கைவழி பெற்றவர்கள் பணியிலிருக்கும் ஆண்டுகள் குறைந்து வருகின்றன.